8 ஜிபி ரேமில் நாலு விஎம் வேண்டாம்

8 ஜிபி ரேம் உள்ள மினி பிசியில் ஜெல்லிஃபின் (வீடியோ சர்வர்), நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த கோப்புச் சேமிப்பு), பை-ஹோல் (விளம்பரத் தடுப்பு), ஹோம் அசிஸ்டன்ட் (ஸ்மார்ட் வீட்டுக் கட்டுப்பாடு) நாலுக்கும் தனித்தனி விஎம் (மெய்நிகர் கணினி) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். ஒவ்வொரு விஎம்மும் தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), முழு இயங்குதளம் என்று சுமக்கிறது. நாலுக்கும் 2 ஜிபி கொடுத்தால் ஹோஸ்டுக்கு, அதாவது மினி பிசிக்கே, என்ன மிஞ்சும்?

முதல் மூன்றையும் டாக்கரில் போடுங்கள்; அது ஒவ்வொரு செயலியையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும். கன்டெய்னர்கள் ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்துகொள்வதால் ரேம் மிச்சம். ஜெல்லிஃபினுக்கு கிராஃபிக்ஸ் சிப்பைக் கொடுப்பதும் இதில் சுலபம். விஎம் என்றால் பாஸ்த்ரூவோடு (வன்பொருளை நேரடியாக விஎம்முக்கு ஒப்படைப்பது) மல்லுக்கட்ட வேண்டும்.

ஹோம் அசிஸ்டன்டுக்கு மட்டும் ஒரு விஎம் வைக்கலாம், அதுவும் ஆட்-ஆன்கள் (அதற்குள்ளேயே நிறுவும் கூடுதல் செயலிகள்) வேண்டுமென்றால்தான். கன்டெய்னர் பதிப்பில் அவை வராது. ஜிக்பீ டாங்கிள் (ஸ்மார்ட் சாதனங்களோடு வயர்லெஸ்ஸில் பேசும் யுஎஸ்பி கருவி) இருந்தால் அந்த யுஎஸ்பியை விஎம்முக்கு மறக்காமல் ஒதுக்குங்கள்.

அப்புறம், வால்யூம், அதாவது டேட்டாவைக் கன்டெய்னருக்கு வெளியே வைக்கும் இடம். நான் முதன்முதலில் நெக்ஸ்ட்கிளவுட் போட்டபோது டேட்டா ஃபோல்டரை வெளியே மேப் செய்யவில்லை. அப்டேட்டுக்காக கன்டெய்னரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். பளிச்சென்று புது லாகின் பக்கம்தான் வந்தது, ஒரு படம்கூட இல்லை. கம்போஸ் ஃபைலில் (கன்டெய்னர் அமைப்புகளை எழுதும் கோப்பு) வால்யூமை மேப் செய்யும் அந்த ஒரு வரியை இன்றே சரிபார்த்துவிடுங்கள்.