நீரிழிவு விழிப்புணர்வுக்காக எங்கள் பகுதியில் நிதி திரட்டும் நடைப்பயணம் நடத்த நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

இப்படிச் சில நடைகளின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். பாதை, பேனர் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதல் கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: நடந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மறுநாள் என்ன செய்ய வேண்டும்? "நீரிழிவை ஒழிப்போம்" என்று கோஷம் போட்டால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள்?" என்று பேனரில் கேளுங்கள், சிலராவது மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். இரண்டாம் வகை நீரிழிவு வருஷக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் இருக்கக்கூடியது. அதனால் பரிசோதனைக்கு வரவைப்பதுதான் உங்கள் வேலை.

நன்கொடை கேட்பதும் அப்படித்தான். 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடக் கிளம்பிய டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஒவ்வொரு கனடாக்காரரிடமும் ஒரு டாலர் கேட்டார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நுரையீரலுக்குப் புற்று பரவியதால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் நாட்டின் மக்கள்தொகை அளவுக்கு, அதாவது 2.4 கோடி டாலருக்கு மேல், பணம் சேர்ந்துவிட்டது. எதற்கு, எவ்வளவு என்பதில் குழப்பமே இல்லாத வேண்டுகோள் அது. நீங்களும் "நலப்பணிகளுக்காக" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், இன்ன கருவி, இத்தனை பேருக்கு இன்சுலின் என்று சொல்லிக் கேளுங்கள்.

நாள் தேட வேண்டியதில்லை. நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பேண்டிங் பிறந்த நாள். அதையொட்டிய விடுமுறை நாளின் அதிகாலை போதும். தூரம் 3 கிலோமீட்டர் வைத்தால் பெரியவர்களும் வருவார்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பாதையாக இருக்கட்டும். தண்ணீர், முதலுதவி, உடைமை எல்லாம் ஒரே இடத்தில் அடங்கிவிடும், முடியாதவர்கள் பாதியில் திரும்பலாம். காவல்துறை அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பலர் யோசிக்காமல் விடுவது பரிசோதனை மேசையை எப்போது திறப்பது என்பதைத்தான். நடை முடிந்த பிறகு வைத்தால், மூச்சு வாங்க வந்து உட்காருபவரின் ரத்த அழுத்தம் சரியாகத் தெரியாது. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு அளப்பதுதான் முறை. ஆகவே நடைக்கு முன்னால் வையுங்கள். சர்க்கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. வெறும் வயிற்று அளவு வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்ல வேண்டும். ஆனால் இன்சுலினோ சர்க்கரையைத் தாழவைக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவரைப் பட்டினியோடு நடக்கவிடுவது ஆபத்து. அதனால் அறிவிப்பிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்: ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டு வரட்டும், அவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. இதுவரை பார்க்காதவர்கள் மட்டும் வெறும் வயிற்றோடு வந்து, ரத்தம் கொடுத்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு நடக்கட்டும்.

விரல் நுனி ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மி.கி./டெ.லிட்டருக்கு மேல் காட்டினாலே நோயாளி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆய்வகத்தில் மறுபடி பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குத்தும் ஊசி ஆளுக்கொன்று. போட்ட ஊசியைச் சேர்க்கத் தடிமனான டப்பா வேண்டும். குத்துவது பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

வழியில் நிற்கும் தன்னார்வலர்களுக்குத் தாழ்சர்க்கரையை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவதை, அடையாளம் காணச் சொல்லிக்கொடுங்கள். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் உட்காரவைத்து 15 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, ஆம்புலன்ஸை அழையுங்கள். நெஞ்சு வலி என்றாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

டி-ஷர்ட்டைப் பற்றி என் சொந்தக் கருத்து: தவிருங்கள். ஸ்பான்சர் கொடுப்பதானால் சரி, நன்கொடைப் பணத்திலிருந்து வேண்டாம். வரவு செலவை ஒருவர் பார்க்க, இன்னொருவர் சரிபார்க்கட்டும். நடை முடிந்த வாரத்திலேயே கணக்கை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். சர்க்கரை அளவு கூடுதலாக இருந்தவர்களிடம் ஒப்புதல் வாங்கி எண் குறித்துக்கொண்டு, பத்து நாள் கழித்து "டாக்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்க ஒருவரை இப்போதே நியமித்துவிடுங்கள். நடைக்கு மறுநாள் ஆள் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.