மினி இம்ப்ளான்ட் பயிற்சி: பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

எம்.டி.எஸ். ஆர்த்தோ (பல் சீரமைப்பு மேற்படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளை, தாடை எலும்பில் சின்ன ஸ்க்ரூ போடப் பழக்கும் இரண்டு நாள் மினி இம்ப்ளான்ட் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் அங்கே அவர் தன் கையால் எத்தனை ஸ்க்ரூ போடுவார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். நாள் முழுக்க ஸ்லைடு காட்டிவிட்டு மாலையில் ஆளுக்கொரு ஸ்க்ரூ கொடுக்கும் பயிற்சி என்றால் வேண்டவே வேண்டாம்.

கிளிப் போட்டு முன்பற்களைப் பின்னே இழுக்கும்போது, பிடிமானமாக இருக்கும் கடைவாய்ப்பல்லும் கொஞ்சம் முன்னே வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் எலும்பில் இந்தச் சின்ன ஸ்க்ரூ. பல் வேர்களுக்கு நடுவே போடுவது சுமார் 1.5 மி.மீ. தடிமன், 6 முதல் 8 மி.மீ. நீளம் இருக்கும். அங்கே கிடைக்கும் இடமோ பலருக்கு 3 மி.மீ. சொச்சம்தான். அப்படியானால் இருபுறமும் மிஞ்சுவது முக்கால் மில்லிமீட்டர். கை பழகாமல் இது வராது.

திருகும்போது டிரைவர் (ஸ்க்ரூவைத் திருகும் கருவி) லேசாக ஆடினாலும் துளை அகன்றுவிடும். சில வாரங்களில் ஸ்க்ரூவும் ஆடத் தொடங்கும். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது. அங்கே முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்க்ரூ உடைந்து உள்ளேயே நின்றுவிடும். அசையும் சதையில் போட்டால் ஈறு வீங்கி ஸ்க்ரூவின் தலையை மூடிக்கொள்ளும். மரத்துப்போகும் ஊசியைக் குறைவாகப் போடுவதற்கும் காரணம் உண்டு: வேரில் முனை பட்டால் நோயாளிக்குச் சுருக்கென்று தெரியும். உடனே பின்னால் திருகி எடுத்துக் கோணத்தை மாற்ற வேண்டும். தேர்ந்தவர்கள் போட்டாலும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கழல்வதுண்டு. ஆகவே, கழன்றால் அடுத்து என்ன செய்வது என்று சொல்லித்தராத பயிற்சி அரைப் பயிற்சிதான்.

நல்ல இடத்தில் முதலில் மாதிரித் தாடையில் பழக்குவார்கள். பிறகு ஆட்டுத் தாடையில் போடவைத்து, எக்ஸ்ரே எடுத்து, எலும்பை வெட்டி, வேருக்கும் ஸ்க்ரூவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கண்ணெதிரே காட்டுவார்கள். அந்த வெட்டு முகத்தைப் பார்ப்பது பத்துப் பாடத்துக்குச் சமம். கன்னத்து எலும்பின் அடியில் போடும் 12, 14 மி.மீ. நீள ஸ்க்ரூவை இப்போதைக்குத் தள்ளிவைக்கட்டும்.

சான்றிதழைப் பெரிதாக எண்ணாதீர்கள். ஆர்த்தோ நிபுணர் என்ற தகுதி எம்.டி.எஸ். பட்டத்தால்தான் வருகிறது. கல்லூரியில் தன் துறையில் அவர் பார்க்கும் நோயாளிகளில் யாருக்காவது பல் எடுத்த இடைவெளியை மூடும் கட்டம் நெருங்குகிறதா என்று மகளிடம் கேளுங்கள். அதை ஒட்டி வரும் பயிற்சியில் சேர்த்தால், கற்றதை அதே மாதம் கைடு (வழிகாட்டும் பேராசிரியர்) பக்கத்தில் நிற்க ஒரு நோயாளிக்குச் செய்து பார்க்கலாம். பயிற்சியில் விற்கும் ஸ்க்ரூ, கருவிகள் அடங்கிய கிட்டை அன்றே வாங்க வேண்டாம். கல்லூரியில் எந்த ஸ்க்ரூ புழங்குகிறதோ, அதற்குப் பொருந்தும் டிரைவர் போதும்.