மப்டி டூட்டிக்கு என்ன உடுத்துவது? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மப்டியில், அதாவது யூனிஃபார்ம் இல்லாமல் சாதாரண உடையில், வேலை பார்க்கும் போலீஸ்காரர்கள் கேட்டவை இவை. பொதுமக்கள் தரப்பிலிருந்து வந்த ஒரு கேள்வியும் உண்டு.

கிரைம் டீமுக்குப் புதுசு சார். ஜீன்ஸ், டி-ஷர்ட்டில்தான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். ஆனாலும் டீக்கடைக்காரர் "எந்த ஸ்டேஷன் சார்?" என்கிறார். எங்கே தப்பு?

உங்கள் காலைப் பாருங்கள். சட்டையை மாற்றிவிட்டு யூனிஃபார்மின் பிரவுன் ஷூவோடே வந்து நிற்பவர்கள்தான் அதிகம். செருப்புக்கு மாறினாலும் கணுக்காலில் சாக்ஸ் போட்ட இடம் வெளுத்துத் தெரியும். அதனால் பாதம்வரை வரும் பேன்ட்டும் பின்வார் வைத்த பழைய சாண்டலும் போடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், துரத்த ஆரம்பித்ததும் வார் பிடுங்கிக்கொள்ளும்.

அடுத்தது பிடரி. ஒட்ட வெட்டிய முடியும், நெற்றியில் தொப்பி விட்ட கோடும் டி-ஷர்ட்டை மீறிப் பேசும். முடி வளர நாளாகும், அதுவரை சாயம்போன தொப்பி ஒன்று போதும். பிறகு கை. பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சு இல்லாமல் இரண்டு மணி நேரம் நிற்பவர் ஒன்று போலீஸ், இல்லை ஜேப்படிக்காரர். ஒரு கட்டைப்பை வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பை காற்றில் ஆடிக் காட்டிக்கொடுக்கும், உள்ளே இரண்டு பழைய துணியைப் போடுங்கள். கையைப் பின்னால் கட்டி, காலை அகட்டி நிற்கும் 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' பழக்கத்துக்கு மட்டும் எந்த உடையிலும் மருந்தில்லை.

இடுப்பில் பிஸ்டல் இருக்கும்போது எந்தச் சட்டை?

இன் பண்ணத் தைத்த சட்டையை வெளியே விடாதீர்கள். அதன் கீழ்விளிம்பு பக்கவாட்டில் வளைந்து மேலேறும், ஹோல்ஸ்டர் (பிஸ்டல் உறை) நுனி சரியாக அங்கேதான் எட்டிப்பார்க்கும். விளிம்பு நேராக வெட்டிய சட்டை, வழக்கமான அளவுக்கு ஒரு சைஸ் பெரிதாக. சின்னக் கட்டமோ அடர்ந்த பிரின்ட்டோ உள்ளிருப்பதன் வடிவத்தை மறைக்கும். மெல்லிய வெள்ளைச் சட்டை நம் கடற்கரைப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் உடம்போடு ஒட்டி எல்லாவற்றையும் வரைந்து காட்டிவிடும்.

பெல்ட் ஒன்றரை அங்குல அகலத்தில், இரட்டைத் தோலில், விறைப்பாக இருக்கட்டும். தொளதொள பெல்ட் எடை தாங்காமல் ஒரு பக்கம் இறங்கும். நீங்கள் அடிக்கடி பேன்ட்டை மேலே இழுப்பீர்கள், எதிராளிக்கு அது போதும். கிளம்புமுன் கண்ணாடி முன் நின்று, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள். அப்போதும் சட்டை ஹோல்ஸ்டருக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருக்க வேண்டும். கீழே விழுந்ததை எடுக்கக் குனியாமல் குந்துங்கள். சட்டையின் கடைசிப் பட்டன் திறந்தே இருக்கட்டும். உள்ளே பனியன் கட்டாயம்: வியர்வை பட்டுப்பட்டு இரும்பில் துரு ஏறும்.

திருவந்திபுரம் முகூர்த்த நாள், பாடலீஸ்வரர் கோயில் தேர்: வேட்டி கட்டலாமா?

கட்டலாம், கட்டத்தான் வேண்டும். எட்டு முழம் வேண்டாம், ஓடினால் காலைச் சுற்றும். நாலு முழ ஒட்டிக்கோ வேட்டி, மேலே பெல்ட், உள்ளே பாக்கெட் வைத்த டவுசர். அடையாள அட்டையும் போனும் டவுசருக்குள். வேட்டி அவிழ்ந்தாலும் நீங்கள் நிற்க வேண்டியதில்லை!

கரையைக் கவனியுங்கள். கட்சிக் கரை வேட்டி கூட்டத்தில் நீங்கள் கேட்காத பேச்சையெல்லாம் இழுத்துவரும். ஒற்றைப் பச்சைக் கரையோ மெல்லிய ஜரிகையோ நல்லது. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் கடற்கரை என்றால் தண்ணீர் படும், போனுக்கு ஜிப் கவர். கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டி கட்டி, மாலையும் போட்டுப்போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். விரதமில்லாத மாலையை வேஷமாகப் போடாதீர்கள். தெரியவந்தால் அந்தத் தெருவில் பிறகு ஒருவரும் உங்களிடம் பேசமாட்டார்.

பெண் எஸ்.ஐ. நான். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற) வழக்கில் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க என்ன உடை சரி?

இது விருப்பம் அல்ல, சட்டம். 2012 போக்சோ சட்டம் 24ஆம் பிரிவுப்படி வாக்குமூலம் பதிவு செய்யும் அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரிதான் பதிய வேண்டும், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ.

சாதாரணக் காட்டன் சுடிதார் போதும். காக்கி பேன்ட்டின் மேல் டாப்ஸ் போட்டுப் போகிற பாதி மப்டி கூடாது, குழந்தைகள் முதலில் பார்ப்பது அந்தக் காக்கியைத்தான். நெட் போட்டு இறுக்கிய கொண்டையை அவிழ்த்துச் சாதாரணப் பின்னல் போடுங்கள். கலகலவென்று ஒலிக்கும் வளையல் வேண்டாம். தரையில் உட்கார நேரும் என்பதால் இறுக்கமான கால்சட்டையும் வேண்டாம். துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எழுதும்போது கை அதையே சரிசெய்துகொண்டிருக்கும். கூட வரும் டிரைவரும் யூனிஃபார்மில் வாசலில் நிற்காமல், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தட்டும். அடையாள அட்டையைப் பெற்றோரிடம் தனியாகக் காட்டுங்கள்.

புதுச்சேரி பீச் ரோட்டில் சனி, ஞாயிறு டூட்டி. ஷார்ட்ஸ் போடலாமா?

டூரிஸ்ட் கூட்டத்தில் ஷார்ட்ஸ் பொருந்தும், உங்கள் முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு நிறம் பொருந்தாது. பாதம்வரை வரும் பேன்ட்டும் கேன்வாஸ் ஷூவும் போதும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு அதுவும் அதிகம், உள்ளூர்க்காரர்போல் பழைய சட்டை, கையில் துணிப்பை.

வி.ஐ.பி. பாதுகாப்புக்கு ஏன் இன்னும் சஃபாரி?

அங்கே மறைவது நோக்கமல்ல, 'ஆள் இருக்கிறது' என்று தெரிய வேண்டும். சட்டை வெளியே இருப்பதால் ஆயுதம் மறையும், பக்கத்துத் திறப்பு கை போக வசதி. டெரிகாட்டன் கசங்காது, ஆனால் வேகும்.

மப்டியில் வந்த ஒருவர் "ஸ்டேஷனுக்கு வா" என்றால் எப்படி நம்புவது?

அடையாள அட்டையைக் கேளுங்கள், கேட்பது குற்றமில்லை. புதுச்சேரியில் போலீஸின் சிவப்புத் தொப்பியைப் பார்த்தே பழகியவர்களுக்கு மப்டி ஆளைக் கேள்வி கேட்கத் தயக்கம் வரும். தயங்க வேண்டாம். கைது செய்யும் அதிகாரி பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 36ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. சந்தேகமிருந்தால் 112க்கு அழையுங்கள். பொய்யாகப் போலீஸ் என்று சொல்லிக்கொள்வது பி.என்.எஸ். (தண்டனைச் சட்டம்) 204ஆம் பிரிவில் குற்றம்.

மப்டி போடுபவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது: பெயர் அட்டையை சட்டைப் பாக்கெட்டில் கிளிப்போடு வைத்திருங்கள். கையைப் பிடிக்கும் நொடியில் வெளியே குத்திவிடலாம். பர்சுக்குள் தேடிக்கொண்டிருந்தால் சுற்றியிருப்பவர்கள் உங்களைத்தான் கடத்தல்காரர் என்று அடிப்பார்கள்.

ஐப்பசி மழைக்கு?

துறை கொடுத்த ரெயின்கோட்டை ஸ்டேஷன் ஆணியிலேயே தொங்கவிட்டு, கறுப்புக் குடை எடுத்துப்போங்கள்.