அடுத்தவர் பணத்தை எண்ணுவது – கடிதம்

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. ஷார்ஜாவில் வேலை. எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு மாதமாக ஒரே பேச்சு. பெரியவாப்பா (பெரியப்பா) மகன் ஊரில் மாடி வீடு கட்டுகிறார். அந்தப் பணம் எப்படி வந்தது என்று ஆளாளுக்குக் கணக்குப் போடுகிறார்கள். இது கீபத் (புறம் பேசுதல்) இல்லையா என்று கேட்டால், "உள்ளதைத்தானே சொல்றோம்" என்கிறார் ஒரு மச்சான். ஆனால் என் லாத்தாவின் (அக்காவின்) நகையை அவள் மாப்பிள்ளை அடகு வைத்து, அது மூழ்கியே போய்விட்டது. அதை அவள் வாய்திறந்து சொன்னால் மட்டும் "புருசனைப் புறம் பேசாதே" என்று அடக்குகிறார்கள். உண்மையைச் சொல்வதும் கீபத்தா? நான் குரூப்பை விட்டு வெளியேறிவிடலாமா? பணம் சேர்ப்பதே தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வ அலைக்கும் ஸலாம். முதலில் ஒன்று. பெரியவாப்பா மகனுக்கு எந்த பேங்கில் எவ்வளவு கடன், யாரிடம் கைமாத்து வாங்கினார் என்று நீங்கள் எழுதியிருந்த வரிகளை வெட்டிவிட்டேன். கீபத் பற்றிக் கேட்கும் கடிதத்தில் அது எதற்கு? அந்த மனிதரை எனக்குத் தெரியாது. இப்போது அவருடைய கடன் மட்டும் தெரியும். இதை நீங்கள் செய்திருக்கக் கூடாது.

மச்சானுக்குப் பதில் ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நான் சொல்லும் குறை என் சகோதரனிடம் உண்மையிலேயே இருந்தால்? என்று கேட்கப்பட்டது. இருந்தால்தான் அது கீபத், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்றார்கள் நபி (ஸல்). முடிந்தது. குரூப்பில் இருப்பதும் போவதும் உங்கள் இஷ்டம், அதையெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். பணம் சேர்ப்பது தப்பென்றால் ஏழைகளுக்கான ஜகாத் எதிலிருந்து கொடுப்பது? கப்பல் வணிகர் சீதக்காதி அடங்கியிருக்கும் ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது?

நாவும் பணமும் உங்கள் கடிதத்தில் சேர்ந்தே வந்திருப்பதுதான் என்னை எழுத வைத்தது. கொஞ்ச நாளாக இதே நினைப்பாக இருக்கிறேன். நம் பள்ளிவாசல் பயான் பேச்சுகளில் நாவைப் பற்றி ஒரு வெள்ளி, பணத்தாசை பற்றி இன்னொரு வெள்ளி. குர்ஆனின் 104ஆவது அத்தியாயம், ஹுமஸா, 9 வசனம்தான். ஓதப்போகும் சின்னப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். குத்திப் பேசி, புறம் பேசித் திரிகிறவனுக்குக் கேடு என்று தொடங்கி, அவன் யார் என்பதையும் உடனே சொல்லிவிடுகிறது. பொருளைச் சேர்த்து எண்ணி எண்ணி வைக்கிறவன், அது தன்னைச் சாகாமல் வைத்திருக்கும் என்று நினைக்கிறவன். ஒரே ஆள்தான் தம்பி. தன் பணத்தை எண்ணிப் பழகியவனால் அடுத்தவன் பணத்தை எண்ணாமல் இருக்க முடியாது. அது தன்னுடையதைவிடக் கூட இருந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. நம் கடற்கரையில் கீபத்தில் முக்கால்வாசி கணக்குதான். எத்தனை பவுன் போட்டார்கள், வெளிநாட்டில் இருக்கிற சபுராளி மாதம் எவ்வளவு அனுப்புகிறான், தரைக்குக் கிரானைட்டா டைல்ஸா.

எங்கள் பெரியபட்டினத்தில் நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கருவாட்டு யாவாரி இருந்தார். கொழும்புக்குச் சரக்கு அனுப்புவார். மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணத்தை, யாவாரத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று பெண்கள் அவரிடம் கொடுத்து வைப்பார்கள். ரசீது கிடையாது, பேரேட்டில் ஒரு வரி. ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், நான் வாப்பா பக்கத்தில். எதிரே இருந்தவர் ஒரு கறித்துண்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "அவருக்குக் கொழும்புல சரிவாமே, கேள்விப்பட்டியளா?" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் குரூப்பிலும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறவர்கள்தானே அதிகம்?

வாரம் முடிவதற்குள் கடை வாசலில் பெண்கள் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொழும்பில் நட்டமே இல்லை. ஆனால் பணம் சரக்காகவும் வெளிக்கடனாகவும் கிடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் எந்த யாவாரி எடுத்து வைப்பார்? கருவாட்டைப் பாதி விலைக்குத் தள்ளினார். அப்புறம் சரக்கு வைக்கும் கிட்டங்கியை விற்றார். வாங்கியவர், சஹனில் எதிரே இருந்தவர்.

திவாலானவன் யார் என்று நபி (ஸல்) தோழர்களிடம் கேட்டதும் அதே ஸஹீஹ் முஸ்லிமில்தான் வருகிறது. காசு பணம் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டுவந்தும், ஒருவரை ஏசி, ஒருவர் மேல் பழி போட்டு, ஒருவர் பொருளைத் தின்றதால், நன்மையெல்லாம் அவர்களுக்குப் பங்காகிப் போக வெறுங்கையோடு நிற்கிறவன் என்றார்கள் நபி. இங்கேயும் பாருங்கள், ஏச்சும் பொருளும் ஒரே கணக்கில். கிட்டங்கியை வாங்கியவர் ஐந்து வேளையும் முன்வரிசையில் நின்று தொழுதவர்.

லாத்தாவை மறந்துவிடவில்லை. அபூ ஸுஃப்யான் கஞ்சர், எனக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று அவர் மனைவி ஹிந்த் நபியிடமே வந்து முறையிட்டார். புறம் பேசாதே என்று அவரை யாரும் அடக்கவில்லை. உனக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமாக எடுத்துக்கொள் என்று பதில் வந்தது. அநியாயத்துக்கு ஆளானவர் நியாயம் கேட்கும் இடத்தில் பேசுவதை மார்க்க அறிஞர் இமாம் நவவி கீபத்திலிருந்து விலக்குகிறார், அதுவும் முதல் விலக்காக. நகை அவள் சொத்து. அடகுச் சீட்டு யார் பேரில் இருக்கிறது, நகை ஏலம் போன தேதி என்ன என்று விசாரித்து வாங்குங்கள். லாத்தாவோடு பள்ளிவாசல் ஜமாஅத்தாரிடம் போய் முறையிட ஊரில் நம்பிக்கையான ஒரு பெரியவரை ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் அடுத்த லீவு வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள்.