டைட்டானிக்கின் படகு தூக்கிகள் – கடிதம்

வணக்கம் சார்,

350-இல் ஒரு பங்கு அளவில் டைட்டானிக் மாடல் செய்கிறேன். உடல் முடிந்தது. மேல்தளத்து பெஞ்சு, படகு தூக்கி (உயிர்காப்புப் படகுகளைக் கடலில் இறக்கும் கருவி) போன்றவற்றுக்கு ஒலிம்பிக் கப்பலின் படங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். டைட்டானிக்கே கடலடியில் கிடக்கும்போது, அக்காவைப் பார்த்துத் தங்கைக்கு நகை செய்வது சரியா?

முரளி

அன்புள்ள முரளி,

நகைக்குச் சரி, முகத்துக்குத்தான் ஆகாது. டைட்டானிக்கின் ‘ஏ’ தளத்து நடைபாதையில் முன்பாதியை ஜன்னல் வைத்து மூடினார்கள். ஒலிம்பிக்கில் அது திறந்தே இருந்தது. மற்றபடி இரண்டும் பெல்ஃபாஸ்டில் ஒரே பட்டறையில், அடுத்தடுத்த மேடைகளில் எழுந்தவை. தளத்துச் சாமான்கள் பெரும்பாலும் ஒரே அச்சு.

சிதைவை நம்பி இறங்கினால் மரவேலையில் மாட்டிக்கொள்வீர்கள். சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் பெஞ்சுகளின் இரும்புச் சட்டங்கள் கிடக்கின்றன. உட்காரும் மரப்பட்டைகளைக் கடல் உயிர்கள் தின்றுவிட்டன. சுக்கான் சக்கரத்தின் மரமும் போயிற்று, அதைத் தாங்கிய வெண்கலத் தூண் மட்டும் நிற்கிறது.

ஆனால் ஒலிம்பிக் படத்தில் தேதி பாருங்கள். 1911-இல் எடுத்ததாக இருக்கட்டும். டைட்டானிக் மூழ்கிய பிறகு ஒலிம்பிக்கின் தளம் முழுக்கப் படகுகளை அடுக்கிவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் செய்த மாடல்களும் உண்டு, பார்க்கப் பாவமாக இருக்கும்.

அளவுக்குப் படகையே ஸ்கேலாக வையுங்கள். பெரிய படகின் நீளம் 30 அடி, உங்கள் மாடலில் 26 மில்லிமீட்டர். கைப்பிடிக் கம்பிக்கு அரை மில்லிமீட்டர் நூல் போட்டுவிடாதீர்கள். அந்த நூல் நிஜ அளவில் பதினேழரை சென்டிமீட்டர் தடிமன் ஆகிவிடும், பனைமரத் துண்டைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் படகு தூக்கி. ஸ்வீடன்காரர் ஆக்செல் வெலின் வடிவமைத்தது. அடியில் கால்வட்டப் பல்சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால் தூக்கியின் கை கடல்பக்கம் வெளியே சாயும். உள்பக்கமும் நன்றாகச் சாயும், பின்னால் இன்னொரு வரிசைப் படகு இருந்தால் அதையும் எடுப்பதற்காக. அந்த இரண்டாம் வரிசையை வைக்கவே இல்லை. சட்டம் கேட்டது 16 படகு, வைத்தது 20. ஏறியிருந்தவர்கள் சுமார் 2,200 பேர், படகுகளில் இடம் 1,178 பேருக்கு. அந்தப் பல்சக்கரத்தை வெறும் கம்பியாக வளைத்து முடித்துவிடாதீர்கள்.

அப்புறம், கப்பல் கடலில் ஓடுவதுபோல் வைப்பதாக இருந்தால், முன்பக்கத்து இரண்டு சிறு அவசரப் படகுகளை மட்டும் வெளியே தொங்கவிடுங்கள். மற்றவை தளத்திலேயே உட்கார்ந்திருக்கும்.