கால்பந்து கிளப் உரிமையாளர்கள் பயிற்சியாளர்களை இவ்வளவு அவசரமாக ஏன் நீக்குகிறார்கள்? அதனால் அணிக்கு நன்மை உண்டா?

சில நேரம் நன்மை உண்டு. ஆனால் உரிமையாளர்கள் நம்புவதில் பாதிகூட இல்லை. கெடுதலோ அவர்கள் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. இதை நான் தெரிந்துகொண்டது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துத் திடலில்.

எனக்கு 16 வயதாக இருக்கும்போது எங்கள் ஊர் அணிக்கு ஒரு ரைஸ் மில் முதலாளி செலவு செய்தார். பந்து, பனியன், பூட்ஸ், வெளியூர்ப் போட்டிக்கு வேன், திரும்பும் வழியில் பரோட்டா எல்லாமே அவர் பணம். தாராள மனசுக்காரர். ஆனால் தோல்வியைத் தாங்கமாட்டார். மூன்று ஆண்டுகளில் நான்கு பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவதாக வந்தவர் முதல் நாள் எங்களைப் பந்தை உதைக்கவே விடவில்லை. எதிரே நிற்பவன் பந்தைத் தட்டிவிடுவான். அது என் காலுக்கு வருவதற்குள் என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி சார் விரல்களைக் காட்டுவார். கழுத்தைத் திருப்பிப் பார்த்து "மூன்று" என்றோ "இரண்டு" என்றோ சொல்லிக்கொண்டே பந்தை வாங்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. "பந்து எப்படியும் உன்னிடம்தான் வரும் தம்பி. பின்னால் யார் வருகிறான் என்று முதலில் பார்" என்பார். முதல் மாதம் பந்தும் தவறியது, எண்ணும் தவறியது. நான்காவது மாதம் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பித்தது. அந்த மாதம்தான் நாகப்பட்டினத்தில் ஓர் எழுவர் போட்டியில் காலிறுதியில் தோற்றோம். வேன் ஊர் வந்து சேர்வதற்குள் சாருக்கு வேலை போய்விட்டது.

அடுத்து வந்தவர், உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுங்கள் என்றார். விரல் பயிற்சி அதோடு நின்றது. நான்காமவர் வந்து எங்களை வரிசையில் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது கோல் கீப்பர் என் காதில், "இவர் பொங்கல் வரை இருப்பாரா?" என்று கேட்டான். அவர் சொன்ன எதையும் அதன்பிறகு நாங்கள் மனதில் வாங்கவில்லை. அவரிடம் எந்தக் குறையும் இல்லை. எப்படியும் போகப்போகிறவர் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

நான் சொல்லும் கெடுதல் இதுதான். புள்ளிப் பட்டியலில் இது தெரியாது. பெரிய கிளப்புகளிலோ இதற்கு விலையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பயிற்சியாளர் தன் ஆட்டமுறைக்காகக் கேட்டு வாங்கிய வீரர் அடுத்து வரும் பயிற்சியாளருக்குத் தேவைப்படுவதில்லை. அவர் வேறு ஆட்களைக் கேட்கிறார். நீக்கப்பட்டவருக்கு இழப்பீடு, புதியவருக்குச் சம்பளம் என்று இரட்டைச் செலவு. இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு கிளப் 2019-20 பருவத்தில் செப்டம்பரில் ஒருவரை, டிசம்பரில் இன்னொருவரை, கடைசி இரண்டு ஆட்டங்கள் பாக்கியிருந்த ஜூலையில் மூன்றாமவரை நீக்கியது. அப்படியும் அந்நாட்டின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் தங்க முடியவில்லை, அடுத்த பிரிவுக்குக் கீழிறங்கியது. லெஸ்டர் சிட்டியை 2016இல் யாருமே எதிர்பாராத சாம்பியனாக்கிய ரனியேரியை ஒன்பதே மாதத்தில் அனுப்பிவைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயிற்சியாளர் போஸ்டெகோக்லு 2025 மே மாதம் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்புக்கு யூரோப்பா லீக் கோப்பையை வென்று கொடுத்தார், ஜூனில் வேலையை இழந்தார். செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனார், அங்கே அவருக்குக் கிடைத்தது 39 நாட்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? பருவத்தின் நடுவில் வீரர்களை மாற்ற ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். பயிற்சியாளரை இன்று இரவே மாற்றலாம். கூட்டம் கூச்சல் போடும்போது உரிமையாளர் கைக்கு எட்டுவது அந்த ஒரு நாற்காலிதான். கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் தொலைக்காட்சி வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், நூற்றுக்கணக்கான பேரின் வேலை அதில் இருக்கிறது.

மாற்றிய பிறகு இரண்டு ஆட்டம் ஜெயித்தால் முடிவு சரி என்று ஊரே சொல்லும். பாஸ் டர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்து இதைச் சோதித்தார். பயிற்சியாளரை நீக்கிய கிளப்புகள் சரிவிலிருந்து மீண்டன. அதேபோல் சரிந்தும் நீக்காமல் விட்ட கிளப்புகளும் ஏறக்குறைய அதே அளவுக்கு மீண்டன. படுகுழியில் இருக்கும்போதுதான் நீக்குகிறார்கள், அங்கிருந்து அணி பெரும்பாலும் மேலேதான் வரும்.

நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12 அன்று ஷட்டரைத் தூக்கினால் கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து எங்கள் வயலைத் தொடப் பல நாட்கள் ஆகும். இடையில் மதகைத் திறந்துவிடும் ஊழியரான லஸ்கரை மாற்றினால் தண்ணீர் ஒரு மணி நேரம்கூட முந்தி வராது. பயிற்சியாளரின் வேலையும் அப்படித்தான். ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் வந்தார், முதல் கோப்பை 1990 மே மாதம். கிளாப் 2015 அக்டோபரில் லிவர்பூல் வந்தார், முதல் கோப்பை 2019இல். ஆர்டெட்டாவின் ஆர்சனல் தொடர்ந்து இரண்டு பருவங்கள் எட்டாம் இடத்தில் முடித்தது, அவரை விட்டுவைத்தார்கள்.

மாற்றம் பலித்ததும் உண்டு. 2021 ஜனவரியில் லாம்பார்டை நீக்கிவிட்டு டூகெலைக் கொண்டுவந்த செல்சி அந்த மே மாதமே சாம்பியன்ஸ் லீக் வென்றது. நம் சென்னையின் எஃப்சியையே பாருங்கள். 2019-20இல் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் கிரிகோரி விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார், அணி இறுதிப் போட்டி வரை போனது. வீரர்கள் காது கொடுப்பதை நிறுத்திவிட்டால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை அறியப் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய் உட்கார வேண்டும். எங்கள் முதலாளி மூன்று ஆண்டுகளில் ஒரு மாலைகூட வந்து உட்கார்ந்ததில்லை. கோப்பை கொடுக்கும் மேடையில்தான் அவரைப் பார்ப்போம்.

இப்போது எங்கள் ஊர்ச் சிறுவர் அணிக்கான கமிட்டியில் நானும் இருக்கிறேன். பயிற்சியாளரைச் சேர்க்கும்போதே, மூன்று ஆண்டுகளுக்குத் தோல்வியைக் காரணம் காட்டி நீக்கமாட்டோம் என்று தாளில் எழுதி ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். போன மாதம் மன்னார்குடியில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். அன்று இரவு கமிட்டியில் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டுக் கோபமாகப் பேசினார்கள். நான் அந்தத் தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குத் திடலுக்குப் போனேன். அவர் சுண்ணாம்பு வாளியோடு கோடு போட்டுக்கொண்டிருந்தார், இரண்டு பையன்கள் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.