புரொபேட்டுக்குப் பயந்து வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 72. சென்னை நகருக்குள் என் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் மனைவியோடு வசிக்கிறேன். ஒரு மகன், ஒரு மகள். உயில் எழுதினால் பிள்ளைகள் புரொபேட்டுக்காக (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) உயர் நீதிமன்றம் அலைய வேண்டும், அதனால் இப்போதே செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) செய்துவிடுங்கள் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஐயா, உங்களுக்குச் சொன்ன காரணம் பழையதாகிவிட்டது. சென்னை நகருக்குள் உள்ள சொத்துக்கு இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் புரொபேட்டைக் கட்டாயமாக்கியது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவு. மதுரையிலோ கோவையிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. ஆகவே புரொபேட் பயம் ஒன்றுக்காக வீட்டைக் கைமாற்ற வேண்டாம்.

செட்டில்மெண்டில் செலவு பெரிதில்லை. தமிழ்நாட்டில் பெற்ற பிள்ளைகளுக்கு எழுதும்போது முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். சிக்கல் அதற்கு அப்புறம்தான். பதிவானதும் வீடு உங்களுடையது இல்லை. மனம் மாறினால் நீங்கள் மட்டும் சார்பதிவாளர் அலுவலகம் போய் ரத்து செய்துவிட முடியாது. பிள்ளைகள் பராமரிக்கவில்லை என்றால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு போடலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் அங்கேயும் இழுபறிதான்.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவு செய்தால் வாசகத்தைக் கவனியுங்கள். “என் காலத்துக்குப் பிறகு நீங்கள் அடைந்துகொள்ள வேண்டியது” என்று மட்டும் எழுதினால், தலைப்பில் செட்டில்மெண்ட் என்று போட்டிருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகத்தான் பார்க்கக்கூடும். உரிமை இன்றே பிள்ளைகளுக்குப் போகிறது என்றும், நீங்களும் உங்கள் மனைவியும் ஆயுள் உள்ளவரை குடியிருந்து வாடகையும் அனுபவிக்கலாம் என்றும் தெளிவாக வர வேண்டும். இப்படி ஆயுட்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு கொடுப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது. பராமரிப்பு நிபந்தனையையும் சேருங்கள். பத்திரம் எழுதுபவர் கையில் வைத்திருக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் தர விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் நிலைமைக்கு உயிலே போதும். முத்திரைத் தீர்வை கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிந்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவர்களோ அவர்களுடைய கணவன் மனைவியோ வேண்டாம், உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். பிற்காலத்தில் தகராறு வந்து உயிலை நிரூபிக்க நேர்ந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல இருக்க வேண்டும். முதலில் மனைவிக்கு ஆயுட்கால உரிமை, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று எழுதுங்கள். மாடி யாருக்கு, கீழ்த்தளம் யாருக்கு என்பதையும் அதிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.